சாஜிதா பேகத்துக்குத் தொண்டை கட்டிய வாரம்

துடியலூரைச் சுற்றியிருக்கும் மூன்று ஊர்களில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்பது அந்தந்த வீட்டு மாமியாருக்குத் தெரிவதற்கு முன்பே சாஜிதா பேகத்துக்குத் தெரிந்துவிடும் என்று சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ரொம்பவும் கூட்டவில்லை. கிராம சுகாதாரச் செவிலியராக இருபத்திரண்டு வருடம் அதே மூன்று ஊருக்குள் ஸ்கூட்டி ஓட்டியவர். காய்கறிக் கடையில் ஒரு பெண் மாங்காயை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தால் போதும், பின்னாலிருந்து குரல் வரும்: "ஏஞ்சாமி, எத்தன நாள் தள்ளிப் போயிருக்குது?"

அந்தக் குரலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு தெருவுக்குப் போதுமான குரல் அது. போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு மைக் செட் வாடகைக்கு எடுக்கும் வழக்கத்தை அவர் பகுதியில் என்றைக்கோ நிறுத்திவிட்டார்கள். அந்தக் குரலால் பல நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டவர்கள் போயிருக்கிறார்கள். குடித்துவிட்டு வந்த கணவன்மார் வாசலோடு திரும்பியிருக்கிறார்கள். ஒரே ஒரு குறை, அது நின்றால்தானே எதிராளி பேச முடியும்.

கொரோனாவின் இரண்டாம் அலை வந்து கோயம்புத்தூரை முறித்துப் போட்ட மே மாதத்தில், அவருடைய பட்டியலில் முப்பத்தொரு கர்ப்பிணிகள் இருந்தார்கள். காலையில் தடுப்பூசி முகாம், பகலில் காய்ச்சல் கணக்கெடுப்பு, தொற்று வந்த வீடுகளின் கேட்டில் நோட்டீஸ் ஒட்டுவது, இதற்கிடையில் முப்பத்தொரு வயிறு. எல்லா வீட்டுக்கும் போக முடியாது, போனாலும் பாதி வீட்டில் விடமாட்டார்கள். அதனால் போன். சாஜிதா பேகத்தின் போன் விசாரணை நாற்பது விநாடியில் முடியும்.

"கண்ணு, நல்லா இருக்கறயா? தலைவலி இல்லையில்ல? கண்ணு மங்கலாத் தெரியலையில்ல? கால் வீங்கலையில்ல? கொழந்தை அசையுதுல்ல? மாத்திரை போடறயில்ல? சந்தோசம் சாமி, வெச்சர்றேன்."

அந்தப் பக்கத்திலிருந்து "நல்லா இருக்கறேனுங்க" என்று ஒரு வார்த்தை வரும். அதற்குத்தான் இடமும் இருந்தது. இடம் இருந்தாலும் வேறு வார்த்தை வந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் ஒருவர் அக்கறையாகக் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதுதான் மரியாதை. முதுகில் பனைமரம் சாய்ந்து கிடந்தாலும் அப்படித்தான் சொல்வோம். கேட்டவருக்கு எதற்குச் சிரமம்?

பட்டியலில் பதினேழாவது பெயர் லாஸ்யா. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சாஜிதா சிவப்பு மையில் இரண்டு புள்ளிகள் வைத்திருந்தார். இரண்டு தடவை மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனவள் என்று அர்த்தம். மாமனார் பாலகோபாலுக்கு ஊரைத் தாண்டித் தென்னந்தோப்பு, தோப்புக்குள்ளேயே வீடு. கணவன் ரவிதேஜா ஓசூரில் வேலை, ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டான். அம்மா வீடு தாராபுரம். இன்னொரு மாவட்டம் என்பதால் அந்த வருடம் அது அமெரிக்காவுக்குச் சமம். ஆக லாஸ்யாவும் வயிற்றுப் பிள்ளையும் முழுக்க முழுக்க மாமியார் லட்சுமியம்மாளின் காவலில் இருந்தார்கள்.

காவல் என்றால் சாதாரணக் காவல் இல்லை. மூன்றாவதும் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் அந்தம்மா கேட்டுக்குப் பூட்டுப் போட்டார். பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவினார். செவிலியரைக்கூட உள்ளே விடவில்லை. ஆனால் எப்படி விடவில்லை என்று பாருங்கள்! கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மதில்மேல் ஒரு சொம்பு மோர்.

"உள்ள வாங்கன்னு கூப்பிட ஆசைதானுங்க நர்சம்மா. நீங்க பத்து ஊடு ஏறி எறங்கி வாரீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. மோர் குடிங்க."

"பிரசர் மட்டும் பாத்துப்போட்டுப் போயர்றேனுங்கம்மா. கேட்டுக்கு வரச் சொல்லுங்க."

"வெளிய அனல் அடிக்குதுங்க. இவரு பிரசர் மெசினே வாங்கி வெச்சிருக்கறாருங்க. நாங்களே பாத்துக்கறமுங்க."

இவ்வளவு மரியாதையாக வெளியே நிறுத்தினால் யாரால்தான் சண்டை போட முடியும்? சாஜிதா மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். அந்த மோரை நினைத்துப் பிற்பாடு அவர் தன்னைத்தானே நிறையத் திட்டிக்கொண்டார்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் அந்த கேட் திறந்தது. ஏழாம் மாதம் சீமந்தம் செய்ய வேண்டும், கடைகள் எல்லாம் பூட்டிக்கிடக்கின்றன, கண்ணாடி வளையலுக்கு எங்கே போவது? சாஜிதாவின் கணவர் நசுருதீனுக்கு துடியலூர் சந்தைப் பக்கத்தில் வளையல் கடை. கடை பூட்டியிருந்தாலும் சரக்கில் பாதி வீட்டு மாடியில்தான் இருந்தது. சத்து மாத்திரையோடு சேர்த்து மூன்று டஜன் பச்சை, சிவப்பு வளையல்களையும் ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார் சாஜிதா. அரசாங்கம் அவருக்கு விதித்த வேலைகளில் இது இல்லை. ஐந்து பேரோடு சீமந்தம் நடந்தது. ஒரு கைக்குப் பத்து, இன்னொரு கைக்குப் பதினொன்று. பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது, உடையவும் கூடாது.

அதற்கப்புறம் லாஸ்யாவுக்கு போன் போட்டால் பேச்சைவிட வளையல்தான் அதிகம் கேட்டது. ஒரு நாள் சாஜிதா கடிந்தேகொண்டார்: "அம்மணி, அந்த வளையல சித்த அடக்கு. நான் பேசறது எனக்கே கேக்க மாட்டீங்குது!"

ஜூன் மாதம் முதல் வாரத்தில் சாஜிதாவுக்கே தொற்று வந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக ஊரார் வாசலில் நோட்டீஸ் ஒட்டியவருடைய வாசலில், கூட வேலை பார்க்கும் சின்னப் பெண் சாய்ப்ரியா வந்து நோட்டீஸ் ஒட்டினாள். ஒட்டியது கோணல் என்று மாடி ஜன்னலிலிருந்து சைகையில் சொன்னார் சாஜிதா. சைகையில்தான் சொல்ல முடிந்தது. காய்ச்சல் இரண்டு நாளில் விட்டுவிட்டது, விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்சிஜனும் தொண்ணூற்றேழு காட்டியது. ஆனால் குரல் போய்விட்டது. சுத்தமாக. காற்று மட்டும் வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். மதியத் தூக்கம் நன்றாக வருகிறது என்பதை யாரும் வெளியே சொல்லவில்லை.

சாய்ப்ரியா மூன்று ஊரையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவளிடம் ஏற்கெனவே நான்கு ஊர் இருந்தது. ஆக சாஜிதா ஒரு முடிவுக்கு வந்தார். முப்பத்தொரு போனையும் நசுருதீன் பேச வேண்டும்.

நசுருதீன் பாய் கல்யாணமானதிலிருந்து பேசியதையெல்லாம் சேர்த்தால் அவருடைய மனைவி ஒரு வாரத்தில் பேசியதற்கு ஈடாகாது. கடையிலும் அப்படித்தான். பெண்கள் கையை நீட்டுவார்கள், அவர் பார்ப்பார், "ரெண்டு ஆறு" என்பார், அந்த அளவில் வளையலை எடுத்து வலிக்காமல் ஏற்றிவிடுவார். வியாபாரம் முடிந்தது. அப்பேர்ப்பட்டவர் இப்போது மாடிப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் சாஜிதா, கையில் நோட்டு, இன்னொரு கையில் கரண்டி. கேள்வியைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுவார். ஸ்பீக்கரில் போட்ட போனில் பாய் வாசிக்க வேண்டும். தாண்டிப் போனால் கம்பியில் கரண்டி விழும்.

"அம்மணி… நர்சம்மா ஊட்டுக்காரர் பேசறேனுங்க. தலைவலி எதாச்சும்…" என்று நிறுத்துவார். அடுத்த கேள்வியைப் படிக்கக் கண்ணாடியைத் துடைப்பார். படித்துவிட்டுக் காது சிவந்துபோவார். "அப்பறம்… ஒண்ணுக்கு…" டங்! "ஒண்ணுக்கு எரிச்சலில்லாமப் போகுதுங்களான்னு கேக்கச் சொல்றாங்க."

இதில்தான் ஒரு விபரீதம் நடந்தது. பாய் கூச்சத்தில் விட்ட இடைவெளியில் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி மூன்று வாரமாக உடம்பு பூராவும் அரிக்கிறது என்றாள். இன்னொருத்தி இரும்புச் சத்து மாத்திரையைக் குடித்தால் குமட்டுகிறது என்று கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "செடி நல்லாத் தழைச்சிருக்குதுங்க பாய்" என்று கூடுதல் தகவலும் கொடுத்தாள். ஜன்னலுக்குப் பின்னால் சாஜிதா நெற்றியில் அடித்துக்கொண்டார். போன மாதம் இதே பெண்ணிடம் "மாத்திரை போடறயில்ல?" என்று கேட்டு, "ஆமாங்க" என்ற பதிலை நோட்டில் எழுதியவர் அவர்தான். அவள் போடத்தான் போட்டிருக்கிறாள்.

பதினொரு மணிவாக்கில் லாஸ்யாவின் முறை வந்தது. அவளும் ஸ்பீக்கரில்தான் பேசினாள். பக்கத்தில் லட்சுமியம்மாள் இருப்பது மூச்சிலேயே தெரிந்தது.

"தலைவலிங்க அம்மணி?"

"இல்லீங்க பாய். நல்லா இருக்கறேனுங்க."

"கொழந்தை அசையுதுங்களா?"

"நல்லா அசையுதுங்க."

சாஜிதா பக்கத்தைத் திருப்பி அடுத்த பெயரைக் காட்டினார். பாய் வைக்கவில்லை. போனைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரண்டி விழுந்தது. அதற்கும் அசையவில்லை.

"அம்மணி, போனை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாத்துங்க பாக்கலாம்."

"மாத்திட்டேனுங்க."

"வளையல கழட்டிப்போட்டீங்களா?"

"ஐயோ, அதெப்பிடிங்க!" என்று லட்சுமியம்மாள் குறுக்கே வந்தார். "பொறக்கற வரைக்கும் கழட்டலாமுங்களா? இருவத்தொண்ணும் கையிலதானுங்க இருக்குது."

பாய் போனைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். வாழ்க்கையிலேயே அவர் தொடர்ந்து பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். "சாஜி, அந்தப் புள்ளைக்கு ரெண்டு ஆறு கை. மாசமா இருக்கற புள்ளை, கை ஊதும்னு ரெண்டு எட்டு குடுத்தேன். ஒரு சைசு பெருசு. அது சும்மா மூச்சு விட்டாலே குலுங்கோணும். இருவத்தொண்ணு இருந்தும் ஒரு சத்தம் வரலை."

சாஜிதாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. கால் வீக்கம் எல்லாருக்கும் வரும். ஒரு சைஸ் பெரிய வளையலே பிடித்துக்கொள்ளும் அளவுக்குக் கை வீங்கினால் அது வேறு கதை. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. முப்பத்தைந்தாவது வாரம். வலிப்பு வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். பக்கத்திலிருக்கும் சிவப்புப் புள்ளி இரண்டும் அவரையே பார்த்தன. இத்தனை நாளாக அதே போனில் அதே பெண்ணோடு பேசியவருக்கு, அந்த வளையல் எந்தத் தேதியில் நின்றது என்று தெரியவில்லை.

'பிரசர்' என்று நோட்டில் எழுதினார். பக்கம் முழுக்க அந்த ஒரு வார்த்தை.

"பிரசர் மெசின்ல பாக்கச் சொல்றாங்க," என்றார் பாய்.

பிறகு லட்சுமியம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அதைப் பரண்மேல போட்டுட்டமுங்க. ரிப்பேருங்க அது. இவருக்கு வெச்சா நூத்தறுவது காட்டுதுங்க. தெனமும் ரெண்டு மைல் நடக்கற மனுசனுக்கு எங்கீங்க பிரசர் வரும்? போன வாரம் இவளுக்கு வெச்சா இவளுக்கும் நூத்தம்பது காட்டுதுங்க. அப்பறம் எதுக்குங்க அது?"

சாஜிதா பேசமுடியாத வேதனையில் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். பிறகு எழுதினார். பாய் வாசித்தார்: "மெசினை எறக்குங்க. மொதல்ல உங்களுக்கு வெச்சுப் பாருங்கம்மா."

"எனக்கெதுக்குங்க?"

"வெச்சுப் பாருங்கம்மா."

மெஷின் இறங்கியது. தூசி தட்டும் சத்தம் கேட்டது. பாலகோபால் வந்து பட்டையைச் சுற்றினார். லட்சுமியம்மாளுக்கு நூற்றிருபத்து நாலு, எண்பது. சின்னப் பெண் மாதிரி. லாஸ்யாவுக்கு நூற்றறுபத்து நாலு, நூற்றெட்டு.

ரிப்பேர் இல்லை. அந்த வீட்டில் உண்மை சொல்லிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான், அதையும் பரணில் போட்டுவிட்டார்கள்.

"அம்மணி," என்றார் பாய். இது நோட்டில் இல்லாத கேள்வி. "தலைவலி இருக்குதுங்களா?" கேட்டுவிட்டு, வளையல் ஏற்றும்போது கை தளர்வதற்குக் காத்திருப்பாரே, அதுபோலக் காத்திருந்தார்.

"நாலு நாளா இருக்குதுங்க பாய்," என்றாள் லாஸ்யா. "கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கற மாதிரி இருக்குதுங்க. அத்தை ஏற்கெனவே வெசனப்பட்டுட்டு இருக்கறாங்க, நர்சம்மாளும் அவ்வளவு பேருக்கு போன் பண்றாங்க, சொன்னா எல்லாருக்கும் சிரமமேன்னு…"

லட்சுமியம்மாள் வீட்டில் பேசும் தெலுங்கில் என்னவோ சொல்லி அழ ஆரம்பித்தார். ஆனால் ஆஸ்பத்திரி என்றதும் அழுகை நின்றது. "அங்க பூராவும் கொரோனாங்க! எப்பிடிங்க கூட்டிட்டுப் போறது?"

இதற்குள் சாஜிதா தன் போனில் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் சண்முகப்ரியாவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். ஏழெட்டுச் செய்தி, எல்லாவற்றிலும் எழுத்துப்பிழை. பத்து நிமிடத்தில் பதில் வந்தது: நகரத்தில் தொற்று இல்லாத தாய்மார்களுக்குத் தனி வார்டு வைத்திருக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கை தயார், தனி வாசல், உடனே கிளம்பச் சொல்லவும். இதை பாய் வாசித்துக் காட்டியும் லட்சுமியம்மாள் அசையவில்லை. அப்போது சாஜிதா எழுதிக் காட்டியதை வாசிக்க பாய் கொஞ்சம் தயங்கினார். கரண்டி தரையிலிருந்து மறுபடி மேலே வந்தது.

"நர்சம்மா சொல்றாங்க… நீங்க ஊத்துன மோரக் குடிச்சுப்போட்டு உங்க கேட்டோட திரும்பி வந்தது என் தப்புங்கம்மா. இன்னைக்கு நீங்க கெளம்பலீன்னா, நோட்டீஸ் ஒட்டுனா ஒட்டீட்டுப் போகட்டும், நானே ஸ்கூட்டிய எடுத்துட்டு வாரேன். கேட்டை ஏறிக் குதிப்பேன்."

ஐம்பத்து மூன்று வயதும் எண்பது கிலோவும் கொண்ட சாஜிதா பேகம் தன் கேட்டில் ஏறி நிற்கும் காட்சி லட்சுமியம்மாளின் மனதில் என்ன செய்ததோ, பாலகோபால் கார் மேல் போர்த்தியிருந்த படுதாவை உருவும் சத்தம் கேட்டது.

காரில் ஏறும் முன் இன்னும் ஒரு தடை இருந்தது. ஆஸ்பத்திரியில் கையில் ஊசி ஏற்றுவார்கள், வீங்கிய கையில் வளையல் இருக்கக் கூடாது, வெட்டிவிடுவார்கள். லட்சுமியம்மாளால் அதைத் தாங்க முடியாது. உடைந்தால் ஆகாது.

"உடைக்க வேண்டாமுங்க," என்றார் பாய். இப்போது அவருடைய தொழில். குரலே மாறிவிட்டது. "தேங்காயெண்ணை இருக்குதுங்களா? கையை மேல தூக்கிப் புடிச்சுட்டு அஞ்சு நிமிசம் இருக்கச் சொல்லுங்க, வீக்கம் சித்த வடியும். எண்ணையத் தடவி, பால் பாக்கெட் கவரைக் கைமேல மாட்டி, கட்டை வெரலை உள்ளங்கைக்குள்ள மடக்கி, ஒவ்வொண்ணா… அவசரமில்லீங்க, ஒவ்வொண்ணா."

மேட்டுப்பாளையம் ரோட்டில் கார் போய்க்கொண்டிருந்தது. போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தி, உள்ளே பார்த்தார். பின்சீட்டில் நிறைமாதப் பெண் சரணடைகிறவள் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கையில் பால் பாக்கெட் கவர், மாமியார் எண்ணெய் தடவுகிறார், போனுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் "பதினாலு… மெதுவாங்க… பதினஞ்சு" என்கிறது. அவர் எதுவும் கேட்காமல் தடுப்பை நகர்த்திவிட்டார்.

இருபத்தொன்றும் உடையாமல் கழன்றன. மணிக்கட்டில் வளையங்களாக அச்சு விழுந்திருந்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் லாஸ்யாவின் சிறுநீரிலும் புரதம் நிறைய இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அழுத்தத்தைக் குறைக்க மருந்து ஏற்றினார்கள். மறுநாள் மதியம் பெண் குழந்தை, இரண்டு கிலோ இருநூறு. நான்கு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். செய்தி வந்தபோது சாஜிதா பேகம் மாடி அறையில் தனியாக உட்கார்ந்து அழுதார். சத்தமில்லாமல் அழுதது அதுதான் முதல் தடவை, அதற்கும் தொண்டைதான் காரணம்.

தனிமைக் காலம் முடியும் நாளன்று பாலகோபால் வந்து சாஜிதா வீட்டு கேட்டுக்கு வெளியே ஒரு எவர்சில்வர் தூக்குப்போசியை வைத்துவிட்டு பத்தடி தள்ளி நின்றார். நூற்றறுபதுக்கு அவரும் மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருந்தார். "பிரசவம் பாத்தவங்களுக்குத்தான் வளையலக் குடுக்கோணும்னு சம்சாரம் சொல்லுச்சுங்க. டாக்டருக்குக் குடுக்கலாம்னேன், கேக்கலீங்க." உள்ளே பச்சை, சிவப்பு, இருபத்தொரு வளையல். மேலே ஒரு சொம்பு மோர்.

வளையலை யார் போட்டுக்கொள்வது என்று வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வளையல் சத்தம் நின்றதைக் கண்டுபிடித்தது பாய், ஆனால் அவர் போட்டுக்கொள்ள முடியாது. சாஜிதா மாட்டிக்கொண்டார். இவ்வளவு பெரிய உடம்புக்குக் கை மட்டும் சின்னது, ரெண்டு நாலு. ரெண்டு எட்டு வளையல்கள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ரயில் விட்டுக்கொண்டிருந்தன.

குரல் திரும்பியிருந்தது. கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். அக்கம்பக்கத்தார் மதியத் தூக்கத்துக்கு விடைகொடுத்தார்கள். சாஜிதா பட்டியலை எடுத்து, கறிவேப்பிலைச் செடிக்காரிக்கு முதல் போன் போட்டார்.

"கண்ணு, நல்லா இருக்கறயா?"

"நல்லா இருக்கறேனுங்க."

பாய் முக்காலியில் உட்கார்ந்து கரண்டியோடு பார்த்துக்கொண்டிருந்தார். 'தலைவலி இல்லையில்ல' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சாஜிதா உதட்டைக் கடித்துக்கொண்டார். கண் பிதுங்கியது. நாலு விநாடி, அஞ்சு விநாடி. வளையல் மட்டும் லேசாகச் சிணுங்கியது.

"அதானுங்க நர்சம்மா," என்றாள் அந்தப் பெண், "கேட்டீங்கன்னு சொல்றேன். அந்த மாத்திரைய இப்ப முழுங்கீர்றனுங்க. ஆனா எங்க மாமியா இருக்கறாங்களே…"

அது ஐம்பது நிமிடம் ஓடியது. இரண்டு தடவை சாஜிதா வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் கரண்டி விழுந்தது.